முன்னதாக இறுகிய சாவி

மாப்பிள்ளையின் கைக்கடிகாரத்துக்கு மாமனார் சாவி கொடுக்கிற வீடு அந்தத் தெருவிலேயே அது ஒன்றாகத்தான் இருக்கும்.

காலையில் குளிக்கப் போகும்போது மாப்பிள்ளை கடிகாரத்தைக் கழற்றிச் சாப்பாட்டு மேஜையில் வைப்பார். அதற்கென்றே காத்திருந்தவர்போல மாமனார் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்காருவார். சட்டை நுனியால் கண்ணாடியைத் துடைப்பார். பிறகு பக்கத்திலிருக்கும் சாவிக் குமிழைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே பிடித்து முன்னுக்குத் திருப்புவார். வேகம் கூடாது, வெடுக்கென்று நிறுத்தக் கூடாது. உள்ளே வில் சுருண்டு சுருண்டு நிறைந்து, இனி இடமில்லை என்று விரலிடம் சொல்லும். அந்த இறுக்கம் வந்ததும் கையை எடுத்துவிட வேண்டும். அதற்கு மேல் ஒரு திருப்புத் திருப்புகிறவன் கடிகாரம் வைத்திருக்க லாயக்கில்லாதவன் என்பது அவர் கட்சி.

கடிகாரம் அவருடையதுதான். கல்யாணத்தன்று தன் கையிலிருந்து கழற்றி மாப்பிள்ளை கையில் கட்டினார். கட்டினாரே தவிர, ஒப்படைக்கவில்லை. மகள் வீட்டோடு வந்து சேர்ந்த பிறகு சாவி கொடுக்கும் பொறுப்பைக் கேட்காமலே எடுத்துக்கொண்டார். மாப்பிள்ளை சாது. "மாமா கொடுத்தாத்தான் அது ஒழுங்கா ஓடுது" என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போய்விடுவார்.

தெருவில் அவருக்கு மீட்டர்காரர் என்று பெயர். வேலையில் இருந்தவரை வீடு வீடாகப் போய் மின்சார மீட்டரின் அளவைக் குறித்து வந்தவர். போன மாதம் ஓடிய அளவு இந்த மாதம் ஓடவில்லை என்றால் அவர் மூக்கு விடைத்துக்கொள்ளும். ஏணி போட்டு ஏறிக் கம்பியைத் தடவிப் பார்த்து, திருட்டு இணைப்பைக் கையும் களவுமாகப் பிடித்துவிட்டுத்தான் இறங்குவார். வேலை போனாலும் மூக்கு போகவில்லை.

அந்த மூக்கு ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் விடைத்தது.

முப்பது திருப்பைத் தொடும் வரை சுகமாகத் திரும்புகிற குமிழ், அன்று இருபதிலேயே இறுகிவிட்டது. கை மரத்துப் போயிருக்கும் என்று விரலை உதறிவிட்டு மறுபடி பிடித்துப் பார்த்தார். நகரவில்லை. மறுநாளும் அப்படியே. அந்த வாரம் முழுக்க அப்படியே. ஞாயிற்றுக்கிழமை முழுவதும் மாப்பிள்ளை கடிகாரத்தைக் கட்டிக்கொண்டு வீட்டிலேயே கிடந்தார். திங்கட்கிழமை காலையில் குமிழ் பழையபடி முழுசாகத் திரும்பியது. செவ்வாய்க்கிழமை மறுபடி குறைந்தது.

மீட்டர்காரர் கடிகாரத்தை மேஜையில் வைத்துவிட்டு, குளியலறைக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். நேற்று நான் நிறைத்து அனுப்பினேன். ஒரு பகல் ஒரு இரவு ஓடியிருக்கிறது. ஓடியதற்கு உண்டான இடம் காலியாக இருக்க வேண்டும். இல்லை. அப்படியென்றால் நடுவில் யாரோ சாவி கொடுத்திருக்கிறார்கள். வேலை நாளில் மட்டும் கொடுக்கிறார்கள்.

அவருக்கு ஏற்கெனவே மனசு சரியில்லை. கொஞ்ச காலமாக வீட்டில் குரல்கள் தாழ்ந்துவிட்டன. மகளும் மாப்பிள்ளையும் அடுப்படியில் உதட்டை மட்டும் அசைத்துப் பேசிக்கொள்கிறார்கள். இவர் தலை தெரிந்ததும், "அப்பா, டீ வேணுமா?" என்று மகள் ஊருக்கே கேட்கிற மாதிரி கத்துகிறாள். தங்களுக்குள் குசுகுசுப்பு, தன்னிடம் கூச்சல். மறைக்க விஷயம் இல்லாத வீட்டில் இப்படி நடக்குமா?

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, கண்ணாடியில் கீறல் இருக்கிறது, மெருகேற்றிக்கொண்டு வருகிறேன் என்று சாக்குச் சொல்லிக் கடிகாரத்தை வாங்கிக்கொண்டு போனார்.

கடிகாரம் பழுது பார்ப்பவர் ஒரு கட்டடத்தின் மாடிப்படிக்குக் கீழே கடை வைத்திருந்தார். வாடிக்கையாளர் உட்கார ஒரு முக்காலி. அவர் தலைக்கு மேல் ஆட்கள் ஏறி இறங்குகிற சத்தம். எப்போதும் ஒரு கண்ணில் கறுப்புக் குழாய் ஒன்றைச் செருகியிருப்பதால் அவருக்குப் பூதக்கண்ணாடி என்று பெயர்.

"என்ன, மீட்டர்காரரே, யார் வீட்டுல திருட்டு?" என்றார் பூதக்கண்ணாடி.

"முதல்ல திறங்க. அப்புறம் சொல்றேன்."

பின்மூடியைக் கழற்றியதும் உள்ளே ஒரு சின்ன ஊர் சுறுசுறுப்பாக இருந்தது. பித்தளைச் சக்கரங்கள் ஒன்றின் பல் ஒன்றில் கோத்துக்கொண்டு, பெரியது அசைவது தெரியாமலும் சின்னது அவசரமாகவும் சுற்றின. ஓரத்தில் பேலன்ஸ் சக்கரம் மட்டும் முழுசாகச் சுற்றாமல் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆடிக்கொண்டிருந்தது. அதன் வயிற்றில் முடியளவு மெல்லிய ஹேர் ஸ்பிரிங் சுருங்கி விரிந்தது, தூங்குகிற குழந்தையின் நெஞ்சுபோல. சக்கரங்களின் முனை தேயாமலிருக்கப் பதித்த சிவப்புக் கற்கள் வெளிச்சத்தில் மின்னின.

"மெயின் ஸ்பிரிங் வழுக்குதான்னு பாருங்க. பாதியிலேயே இறுகுது."

பூதக்கண்ணாடி குமிழைத் திருப்பினார். வில் அடைபட்டிருக்கும் டப்பாவின் மேல் பல்சக்கரம் ஒன்று நகர்ந்தது. அது பின்னுக்கு வராதபடி ஒரு குட்டிக் கொக்கி ஒவ்வொரு பல்லாக விழுந்து தடுத்தது.

"வழுக்கினா இறுகவே இறுகாதே. இது ஜம்முனு இருக்கு. குடுத்த சாவியை வாங்கிக்குது, ஓடின அளவுக்கு விடுது. இதுக்குப் பொய் சொல்லத் தெரியாது."

"சத்தம்கூடக் குறைஞ்சு போச்சு."

பூதக்கண்ணாடி காதில் வைத்துப் பார்த்தார். "குறைஞ்சா போச்சு? குதிரை மாதிரி ஓடுது."

"சரி, அதை விடுங்க. சாயங்காலத்துக்குள்ள ஸ்பிரிங் தானா நிறையுமா?"

"அதெப்படி நிறையும்? ஒண்ணு, வேற ஆரோ சாவி குடுக்கணும். இல்லன்னா நடுவுல கொஞ்ச நேரம் ஓடாம நின்னிருக்கணும். நின்ன நேரத்துக்கு ஸ்பிரிங் செலவாகாது பாருங்க. உங்களுது நல்ல ரகம், குமிழை வெளியே இழுத்தாலே விநாடி முள் டக்குன்னு..."

"எனக்குத் தெரியாதா அது? ரேடியோவுல மணியடிக்கும்போது அப்படி நிறுத்தித்தானே டைம் வைப்பேன்." மீட்டர்காரர் கையை உதறினார். "இது நிக்கல. தினம் சாயங்காலம் சுவர்க் கடிகாரத்தோட வச்சுப் பாக்கறேன். ஒரு நிமிஷம் பிசகு இல்ல. நின்னிருந்தா பின்தங்கியிருக்காதா?"

"அப்ப வேற கைதான்" என்றார் பூதக்கண்ணாடி, மூடியைத் திருகிக்கொண்டே. அவருக்கு அடுத்த கடிகாரம் காத்திருந்தது. "எந்தக் கைன்னு கண்டுபிடிக்கிறது உங்க டிபார்ட்மெண்ட்."

சும்மா சொன்ன வார்த்தை. மீட்டர்காரர் அதை மடியில் கட்டிக்கொண்டு வீடு திரும்பினார்.

மகள் வீட்டிலேயே கேக் செய்து ஆர்டருக்குக் கொடுப்பவள். மறுநாள் மாப்பிள்ளை வேலைக்குப் போன பிறகு, அவள் ஒரு வெள்ளைக் கேக்கைச் சுற்றுமேடையில் வைத்துக் கத்தியால் ஓரத்தில் கிரீம் தீற்றிக்கொண்டிருந்தபோது அவர் போய் நின்றார்.

"பாப்பா, மாப்பிள்ளை வாட்சுக்கு வேற யாரோ சாவி குடுக்கறாங்க."

"யாரு?"

"அது தெரிஞ்சா நான் ஏன் இங்க வந்து நிக்கறேன்?"

மகள் சிரித்துவிட்டாள். "ஏம்ப்பா, ஊர்ல எத்தனையோ திருட்டுப் போகுது. நம்ம வீட்டுல மட்டும் ஒருத்தர் ஓசியில சாவி குடுத்துட்டுப் போறாங்களா? குடுத்தா குடுக்கட்டும், உங்களுக்கு வேலை மிச்சம்."

"சிரிக்காதே. கையில கட்டினபடி யாரும் சாவி குடுக்க மாட்டாங்க, தண்டு வளைஞ்சிடும். கழட்டித்தான் குடுக்கணும். ஒரு ஆம்பளை வாட்சைக் கழட்டி வைக்கிற இடம் எது? குளிக்கிற இடம், படுக்கிற இடம்."

அவள் கத்தி கேக்கின் ஓரத்தில் அப்படியே நின்றுவிட்டது. மேடை மட்டும் ஒரு சுற்றுச் சுற்றி நின்றது.

"தினமுமா?"

"வேலை நாள்ல மட்டும். ஞாயித்துக்கிழமை ஒண்ணும் இல்ல."

மாப்பிள்ளை நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் காதுப் பிரிவில் இருக்கிறார். சீட்டுப் போடும் கவுன்டரில் வேலை என்பது வரை மீட்டர்காரருக்குத் தெரியும். மகளுக்கு இன்னும் கொஞ்சம் கூடுதலாகத் தெரியும். புது அறைக்கு மாற்றிவிட்டார்கள் என்று அவர் சாப்பிடும்போது சொன்னார். யாரோடு அந்த அறையில் இருக்கிறார் என்று அவள் கேட்டதில்லை. கேட்க வேண்டிய கேள்வி என்றே தோன்றியதில்லை. இப்போது தோன்றியது.

சாயங்காலம் மூவரும் மேஜையில் உட்கார்ந்தார்கள். மாப்பிள்ளை தட்டை இழுத்து வைத்துக்கொண்டார். மகள் எங்கோ பார்த்துக்கொண்டு கேட்டாள்.

"இன்னைக்கு வேலையில வாட்சைக் கழட்டினீங்களா?"

மாப்பிள்ளை முதலில் மாமனாரைப் பார்த்தார். பிறகு கடிகாரத்தைப் பார்த்தார். "இல்லையே" என்றார். "ஏன் கழட்டப் போறேன்?"

சொன்ன வார்த்தை மீட்டர்காரருக்குச் சரியாக எட்டவில்லை. தலையசைப்பு எட்டியது. அதற்கு முன்னால் வந்த அந்த முழி இன்னும் நன்றாக எட்டியது. மீட்டர் பெட்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு எங்களுக்கு ஒன்றும் தெரியாது என்று சொன்ன அத்தனை பேருக்கும் அதே முழிதான்.

மறுநாள் காலையில் குமிழ் முன்னதாகவே இறுகியது. பக்கத்தில் நின்று பார்த்த மகள், மாப்பிள்ளை வேலைக்குப் போனதும் ஸ்டூல் போட்டுப் பரண்மேலிருந்து பெட்டியை இறக்கினாள்.

"என்ன பாப்பா இது?"

"அக்கா வீட்டுக்குப் போறேன். இன்னைக்கு ஆர்டரை முடிச்சுக் குடுத்துட்டு, சாயங்காலம்."

"அவசரப்படாதே, இன்னும் கையும் களவுமா..."

"முகத்தைப் பாத்துப் பொய் சொன்னாருப்பா. நீங்கதானே பாத்தீங்க. அதுக்கு மேல என்ன பிடிக்கணும்?"

பெட்டியின் பூட்டு கிளிக்கென்று திறந்தது. திருட்டைப் பிடிப்பதுதான் மீட்டர்காரர் பழகிய வேலை. பிடித்த பிறகு அந்த வீட்டில் இருட்டில் உட்கார்ந்திருப்பவர்களைப் பார்க்க அவர் திரும்பிப் போனதே இல்லை.

"சாயங்காலம் வரைக்கும் பொறு" என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டினார்.

ஆஸ்பத்திரியின் காதுப் பிரிவு நீண்ட தாழ்வாரம். கவுன்டரில் வேறொரு பையன் இருந்தான். அதுவே அவர் சந்தேகத்துக்கு ஒரு முத்திரை குத்தியதுபோல இருந்தது. கூட்டத்துக்குள் புகுந்து ஒவ்வொரு கதவாகப் பார்த்துக்கொண்டு போனார். கடைசியில் கனத்த கதவு ஒன்று. அதில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கண்ணாடி. எட்டிப் பார்த்தார்.

மாப்பிள்ளை இருந்தார். எதிரே நாற்காலியில் ஒரு இளம்பெண். மாப்பிள்ளை அவளிடம் சிரித்து ஏதோ சொன்னார். இடது கையை நீட்டி, கடிகாரத்தைக் கழற்றினார்.

மீட்டர்காரர் கதவைத் தள்ளினார். திறக்கவில்லை. தோளால் இடித்தார்.

"ஐயா! ஐயா! எங்க போறீங்க?" தோளைப் பிடித்துத் திருப்பினார் ஒரு நர்சம்மா. "டெஸ்டு நடக்குது. கூப்பிட்டுக்கிட்டே இருக்கேன், திரும்பிக்கூடப் பாக்கலையே. டோக்கன் இருக்கா? இல்லையா? இப்படி உக்காருங்க. எதுக்கு வந்திருக்கீங்கன்னு கேட்டு வேற தெரிஞ்சுக்கணுமா, அடுத்தது உங்களைத்தான் உள்ள விடறேன்."

டெஸ்டு முடியும் வரை நர்சம்மா அவரை எழவிடவில்லை. கடைசியில் கதவு திறந்தது. அந்தப் பெண் வெளியே வந்தாள். வெளியே காத்திருந்த, அவளுடைய மாமியார்போல ஒருத்தி எழுந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். நர்சம்மா இவரை உள்ளே தள்ளிக் கதவைச் சாத்தினார்.

சாத்தியதும் உலகம் துண்டித்துக்கொண்டது. சுவரெல்லாம் மெத்தை. தாழ்வாரத்து இரைச்சல் சொட்டுக்கூட உள்ளே வரவில்லை.

"மாமா!" மாப்பிள்ளை துள்ளி எழுந்தார். முகத்தில் முழி இல்லை, மகிழ்ச்சி இருந்தது. குனிந்து காதருகே வந்து உரக்கப் பேசினார். "வந்துட்டீங்களா! அவ பேசினாளா உங்ககிட்ட? எப்படிக் கூட்டிட்டு வர்றதுன்னு நாங்க ரெண்டு பேரும் மாசக்கணக்கா மண்டையை உடைச்சுக்கிட்டிருக்கோம். சொன்னா கோவிச்சுப்பீங்கன்னு அவ பயந்தா."

"எதைச் சொன்னா?"

"காதை மாமா."

மீட்டர்காரர் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. மேஜை மேல் இயந்திரத்துக்குப் பக்கத்தில், ஒரு துணி மடிப்பின் மேல் அவருடைய கடிகாரம் கிடந்தது. குமிழ் வெளியே இழுபட்டு நின்றது. விநாடி முள் அசையவில்லை.

"இதை ஏன் நிறுத்தி வச்சிருக்கீங்க?"

மாப்பிள்ளைக்கு இப்போது அந்த முழி வந்துவிட்டது. "கோவிச்சுக்காதீங்க மாமா. இந்த ரூம்ல ஊசி விழுந்தா கேக்கும். காதுக்குப் பின்னால எலும்புல ஒரு கருவியை வச்சு ஒரு டெஸ்டு இருக்கு, அப்பக் காது மூடாம திறந்துதான் இருக்கும். டெஸ்டு எடுக்கற வேலைக்கு மாத்தி இங்க வந்த முதல் வாரமே ஒரு அம்மா நான் சத்தம் குடுக்காமலே பட்டனை அமுக்கு அமுக்குன்னு அமுக்கறாங்க. என்னன்னு பாத்தா, வாட்சு டிக்டிக்கை எண்ணிக்கிட்டு இருக்காங்க. வெளிய வச்சா காணாம போயிடும், உங்க வாட்சாச்சே. அதான் காலையில வந்ததும் நிறுத்திட்டு, போகும்போது சுவர்க் கடிகாரத்தைப் பாத்து வச்சுக்கிட்டு வந்துடுவேன். இடையில டீக்கு, சாப்பாட்டுக்குப் போனா நின்னபடியே கட்டிக்குவேன், வந்ததும் கழட்டி வச்சுடுவேன். உங்களுக்குத் தெரிஞ்சா மனசு கஷ்டப்படும்னுதான், நேத்து அவ கேட்டப்பகூட..."

மீட்டர்காரர் நாற்காலியில் உட்கார்ந்தார். அளவு குறைந்தால் திருட்டு என்று ஏணி ஏறிய வீடுகளில் சில வெறுமனே பூட்டிக் கிடந்த வீடுகளாகவும் இருந்திருக்கின்றன. அங்கே மீட்டர் ஓட ஆள் இல்லை, அவ்வளவுதான். அந்த வீடுகளைப் பற்றி அவர் யாரிடமும் பேசியதில்லை.

"அவளுக்குப் போன் போடுங்க மாப்பிள்ளை. உடனே."

"எதுக்கு? டெஸ்டை முடிச்சுட்டு..."

"போடுங்கன்னா போடுங்க."

மாப்பிள்ளை எண்ணை அழுத்திக் கொடுத்தார். மீட்டர்காரர் போனைக் காதோடு அமுக்கிக்கொண்டார். "பாப்பா, வேற யாரும் சாவி குடுக்கல! வாட்சு நின்னிருக்கு! இவர்தான் நிறுத்தி வைக்கிறார், டெஸ்டுக்காக! பெட்டியை மேல ஏத்திடு. கேக்குதா?"

அந்தப் பக்கம் அவள் ஏதோ சொன்னாள். ஒரு இரைச்சல்தான் வந்தது. இத்தனை நிசப்தமான அறையில், மகளின் குரல் வெறும் இரைச்சலாக வந்தது. அவர் போனை மறு காதுக்கு மாற்றினார். பிறகு மாப்பிள்ளையிடம் நீட்டினார்.

மாப்பிள்ளை வாங்கிக் கேட்டார். வெகுநேரம் கேட்டார். முகத்திலிருந்து மகிழ்ச்சி கொஞ்சம் கொஞ்சமாக வடிந்தது. "ம்" என்றார். "ம். பெட்டியா?" என்றார். "வந்து பேசிக்கலாம்." போனை மேஜையில் கவிழ்த்து வைத்தார்.

"மாமா, என்மேல இப்படி ஒரு..." மாப்பிள்ளை ஹெட்போனை எடுத்துத் துடைத்தார். துடைத்ததையே மறுபடி துடைத்தார். பிறகு மாமனார் தலையில் மாட்டி, கையில் பட்டனைக் கொடுத்தார். "சத்தம் கேட்டா அமுக்குங்க. எவ்வளவு சின்னதா கேட்டாலும்."

மீட்டர்காரர் காத்திருந்தார். முதலில் ஒரு விசில் கேட்டது. அமுக்கினார். இன்னொன்று தூரத்தில் கேட்டது. அமுக்கினார். அப்புறம் ஒன்றுமில்லை. ஆனால் மாப்பிள்ளையின் விரல் ஒரு பொத்தானில் அழுந்துவதை ஓரக்கண்ணால் பார்த்தார். அமுக்கினார். விரல் மறுபடி அழுந்தியது. மறுபடி அமுக்கினார்.

மாப்பிள்ளை எழுந்து வந்து நாற்காலியோடு அவரைச் சுவர்ப் பக்கம் திருப்பினார்.

"என் கையைப் பாத்து அமுக்கக் கூடாது மாமா. இதுவும் மீட்டர்தான்."

மெத்தைச் சுவரைப் பார்த்தபடி அவர் உட்கார்ந்திருந்தார். பட்டனில் விரல் வைத்தபடியே இருந்தார். முதுகுக்குப் பின்னால் எத்தனை சத்தம் வந்து போயிற்றோ தெரியாது. அவர் அதிகம் அமுக்கவில்லை.

திரும்பும் வழியில் இருவரும் பேருந்தில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். ஒருமுறை மாப்பிள்ளை உதடு அசைந்ததுபோல இருந்தது. கேட்டதா, பெருமூச்சா என்று தெரியாததால் அவர் தலையை மட்டும் ஆட்டிவைத்தார்.

வீட்டில் பெட்டி கூடத்தின் நடுவே நின்றது. மூடியிருந்தது. காலியா நிறைந்ததா என்று பார்வைக்குத் தெரியவில்லை. மாப்பிள்ளை அதைச் சுற்றிக்கொண்டு அடுப்படிக்குப் போனார். மகள் அங்கே இருந்தாள்.

மீட்டர்காரர் கூடத்தில் நின்றபடி பார்த்தார். மாப்பிள்ளை கையை விரித்து ஏதோ கேட்டார். மகள் தலை குனிந்தபடி ஏதோ சொன்னாள். மாப்பிள்ளை விலகிப் போய்ச் சன்னலோரம் நின்றார். அவள் பின்னால் போய் இன்னும் ஏதோ சொன்னாள். அவள் தோள் குலுங்கியது. அழுகையா, சிரிப்பா? மாப்பிள்ளை இவர் இருக்கும் திசையில் ஒருமுறை திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வைக்கு என்ன அர்த்தம்? பழைய மூக்கு தானாக விடைத்தது. பேச்சை எல்லாம் தன் இஷ்டத்துக்கு நிரப்பிக்கொள்ளப் புறப்பட்டது. அவரை முதியோர் இல்லத்தில் விடுவதைப் பேசுகிறார்கள். பெட்டி அவருக்காகத்தான் இறக்கியது.

இத்தனை காலமும் அப்படித்தான் நிரப்பி வந்திருக்கிறார். கேட்காத இடத்தையெல்லாம்.

அவர் பெட்டியைத் தாண்டிப் போய் அடுப்படி வாசலில் நின்றார். அவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். மகள் வழக்கம்போல வாயைத் திறந்தாள், டீயா என்று கேட்க.

"டீ வேண்டாம்" என்றார் மீட்டர்காரர். "எனக்குக் கேக்கல. நீங்க பேசறது ஒண்ணும் கேக்கல. கொஞ்ச நாளாவே கேக்கல. என்ன பேசறீங்கன்னு சத்தமாச் சொல்லுங்க."

மாப்பிள்ளை அசையவில்லை. மகள் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அவருக்கு நேரே வந்து நின்று, அடுத்த வீட்டுச் சன்னல் திறக்கிற அளவுக்குக் கத்தினாள்.

"உங்களைத்தான் திட்டிக்கிட்டிருக்கோம்ப்பா!"

"சரி" என்றார் அவர். ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு அவர்கள் இருவருக்கும் நடுவில் உட்கார்ந்தார். "முதல்லேருந்து திட்டுங்க. மாப்பிள்ளை, நீங்க ஆரம்பிங்க. வாயை மறைக்காம."